சாமுண்டியின் திருவுருவமும் அதன் வரலாறும்

சிவாலயங்களின் திருச்சுற்றில் தென்புறத்தே, வடக்கு நோக்கி ஒரே வரிசையாக வீற்றிருக்கும் தாயர் எழுவரை அடியார் பலரும் கண்டு வணங்கியிருப்பர். ஒருபால் வீரபத்திரரும் மற்றொருபால் விநாயகப்பெருமானும் காவல்பூண்டிருப்ப, இடையே பிராமி, மாகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி என்னும் எழுவரும் அமர்ந்திருப்பர். இவர்களுள் முதல் அறுவரை இன்னார் இன்னாரென்று அறிதல் எளிது. நான்முகமுடையாள் பிராமி, சடைமுடியுடையாள் மாகேசுவரி, வேலுடையாள் கௌமாரி, சங்கு சக்கரமுடையாள் வைணவி, பன்றிமுகத்தாள் வாராகி, வச்சிரமுடையாள் இந்திராணி. ஒவ்வொருத்தியும் தன் தேவனுடைய அடையாளத்தையே தாங்கியிருத்தலின், அத்தேவனை அறிந்தார்க்கு அவளும் அறியப்படுவாள்.

எழாமவளாகிய சாமுண்டியோ இவ்வளவையுள் அடங்காள். எரிபோல் மேலெழுந்த கூந்தல், கோரப்பல், தலைமாலை, கையிற் கபாலம், ஆசனத்தின் கீழ்ப் பிணம் என்னும் இவையே அவள் அடையாளங்கள். இவள் எத்தேவனுடைய சத்தி? கருணையே உருவாகிய தாய்க்கு இவ்வச்சந்தரும் வடிவம் எங்ஙனம் பொருந்தும்? கோயிலினுள்ளே இவளுக்கு இடந்தந்தவர் யாது கருதித் தந்தனர்?

இவ்வினாக்களுக்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. ஒருசாரார், இவள் யாதோ ஒரு காட்டுக்குடியின் தெய்வமென்றும், பிற்காலத்தார் அச்சத்தாற் கோயிலிற் சேர்த்துக்கொண்டனரென்றும், சைவத்திற்கும் இவளுக்கும் இயைபில்லையென்றுங் கூறுவர். மற்றொருசாரார், சாமுண்டி, காளி, துர்க்கை, கொற்றவை, பிடாரி என்பன எல்லாம் ஒரு தெய்வத்தின் பெயர்களேயாகலின், வரலாறு வினாவுதலே வேண்டாவென்பர். முன்னையோர் கூற்று, அவள் கோயிலினுள் இருத்தற்குரிய காரணத்தை விளக்காதொழிகின்றது. பின்னையோர் கூற்று, நூலினுங் கல்லினும் தெளிவாகக் காணப்படும் வேற்றுமைகளை மறைத்துவிடுகின்றது. நூல், கல்வெட்டு, திருவுருவம் என்னும் மூன்றனையும் ஒருங்குவைத்து நோக்கின் இவ்விரண்டற்கும் வேறான ஒரு வரலாறு புலனாகும்.

பெயர்க் காரணம்

சாமுண்டியின் பெயர்க்காரணங் கூறும் நூல்களுள் தலைமையானது, மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய தேவிமாகாத்மியம். 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் உடையதாகப் போற்றப்படும் அந்நூல், கி. பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி இப்போதுள்ள வடிவினை அடைந்ததென்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அதன் 7-ஆம் அத்தியாயத்தில், சும்பனுடைய ஏவலாற் சண்டன், முண்டன் என்னும் அசுரர் இருவர் அம்பிகையைப் பற்றவருகின்றனர். அம்பிகையின் முகஞ் சினத்தாற் கறுக்கின்றது. புருவம் நெரிந்த அந்நெற்றியினின்று காளி தோன்றுகின்றாள். வாளும் பாசமும் ஏந்தி, தலையோடு பொருந்திய கட்டுவாங்கம் என்னுங் கோல் தாங்கி, தலைமாலை பூண்டு, புலித்தோலுடுத்து, உலர்ந்து வற்றிய தசையும் அகன்ற வாயும் குழிந்து சிவந்த கண்களும் உடையவளாய் அவள் போர்க்களம் புகுகின்றாள். அவ்விருவர் தலைகளையும் கொய்துவந்து அம்பிகையின்முன் வைத்தபோது, சண்டமுண்டர்களைக் கொணர்ந்தமையாற் சாமுண்டா என உலகில் வழங்கப்பெறுவாய் என்று அம்பிகை பெயரிடுகின்றாள்.

இவ்வரலாற்றுள் உற்றுநோக்கற்பாலன இரண்டு. முதலாவது, இவள் பிரமன் முதலிய தேவர் எவரிடத்தும் தோன்றியவளல்லள். அம்பிகையின் சினமே இவளாக உருக்கொண்டது. இரண்டாவது, அடுத்த அத்தியாயத்தில் தேவர்களுடைய சத்திகளாகத் தாயர் வரும்போது, அவர்களுள் ஒருத்தியாக எண்ணப்படுபவள் நாரசிங்கி. சாமுண்டி அவ்வெழுவரின் வேறாகவே நிற்கின்றாள். பின்னர் வழங்கிய எழுவர் வரிசையில் நாரசிங்கி நீங்க, அவ்விடத்தைச் சாமுண்டி பெற்றாள். ஆகவே, தாயர் கூட்டம் வேறாகவும் சாமுண்டி வேறாகவும் இருந்து பின்னர் ஒன்றாயினமை பெறப்படும். சண்டன் முண்டன் என்னும் இருபெயரும் சேர்ந்து சாமுண்டா என்றாதல் வடமொழிப் புணர்ச்சிக்கு நேரே அடங்காமையின், பெயர் முன்னரே வழங்கியதென்றும், கதை அதற்குக் காரணங்காட்ட எழுந்ததென்றும் கருதுவாரும் உளர்.

தாயர் கூட்டத்தின் பழமை

தாயர் கூட்டமோ தேவிமாகாத்மியத்தினும் மிகப் பழையது. மகாபாரதத்து வனபருவத்தில், குழந்தையாகிய கந்தனைக் கொல்லுமாறு இந்திரனால் ஏவப்பட்ட தாயர், அக்குழந்தையைக் கண்டவளவிற் கொங்கை பால்சுரப்பக் கொலையெண்ணம் ஒழிந்து அவனுக்கே தாயராயினர் என்று கூறப்படுகின்றது. அவ்விதிகாசமே, குழந்தைகளைப் பதினாறு ஆண்டு நிரம்புமளவும் பற்றி வருத்தும் உரிமையைக் கந்தன் அவர்க்கு அளித்தான் என்றும், வழிபடுவார்க்கு அவர் நலஞ்செய்வர் என்றுங் கூறும். நோயாற் குழந்தைகள் மாய்ந்த காலத்து, மகவைப் பறிப்பவளும் மகவைக் காப்பவளும் ஒருத்தியே என்று பெற்றோர் எண்ணிய எண்ணம் இதன்கண் நன்கு விளங்கும். அச்சமும் அன்பும் ஒரு தெய்வத்தினிடத்தே கலந்து நின்ற நிலை இது.

வடமதுரையிற் குசாணர் காலத்துக்குரியனவாகக் கிடைத்த கற்பலகைகளில், இத்தாயர் மடியிலுங் கையிலுங் குழந்தைகளுடன் வரிசையாகக் காணப்படுகின்றனர். சிலர்க்கு முகம் பறவையினதாகவும் விலங்கினதாகவும் உள்ளது. அக்காலத்து இவர்க்குத் தேவர்களின் அடையாளங்கள் இல்லை. சூத்திரகன் இயற்றிய மிருச்சகடிகத்தில், வறுமையுற்ற சாருதத்தன் நாற்சந்தியில் தாயர்க்குப் பலியிடும் பொருட்டு முயல்வது, தாயர் வழிபாடு இல்லறத்தார் நாடோறுஞ் செய்யுங் கடனாக இருந்தமையைக் காட்டும்.

மாளவ ஆண்டு 480-இல், அஃதாவது கி. பி. 423-24-இல், பொறிக்கப்பெற்ற கங்கதார் கல்வெட்டு இவ்வரலாற்றில் ஓர் எல்லைக்கல்லாக நிற்பது. விசுவவர்மன் என்னும் அரசனுடைய அமைச்சனாகிய மயூராட்சகன், டாகினிகள் நிறைந்ததும் காண்பார்க்கு அச்சந்தருவதுமாகிய ஒரு கோயிலைத் தாயர்க்கு எடுப்பித்தான் என்று அக்கல்வெட்டுக் கூறுகின்றது. இல்லத்து நாற்சந்திப் பலியினின்று அமைச்சன் எடுப்பிக்கும் கற்கோயில்வரை தாயர் வழிபாடு உயர்ந்தமையும், அவ்வுயர்விலும் அச்சம் நீங்காமையும் இதனால் அறியப்படும். 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகற்சங்கிதையில், தாயருடைய உருவங்களை அவரவர் பெயருக்குரிய தேவர்களின் அடையாளங்களோடு அமைக்கவேண்டுமென விதிக்கின்றார். குழந்தைகளைப் பற்றும் பெயர்பலவாய தாயர் கூட்டம், தேவர்களின் சத்திகளாகிய எழுவராக ஒழுங்குற்ற காலம் இதுவேயாகும்.

அரசரும் இவர்களைத் தங்குலத் தாயராகக் கொண்டனர். கதம்பர் செப்பேடுகள் அம்மரபினரை மகாசேனனையும் தாயர் கூட்டத்தையும் தியானிப்பவர் என்று கூறும். சளுக்கியர் செப்பேடுகள் அம்மரபினரை ஏழுலகத்துக்கும் அன்னையராகிய ஏழு தாயரால் வளர்க்கப்பெற்றவர் என்று புகழும். ஐகோளையிலுள்ள இராவணபடிக் குகையில், ஆடல்புரியுஞ் சிவபெருமானைச் சூழத் தாயர் எழுவரும் வடிக்கப்பெற்றிருத்தல், அச்சளுக்கியர் நாட்டில் இவர்கள் சிவபெருமானுடைய பரிவாரமாக நிலைபெற்றமைக்குச் சான்றாம்.

திருவுருவ இலக்கணம்

சாமுண்டியின் உருவத்தைக் கூறும் நூல்களும் தம்முள் ஒவ்வாதன. விட்டுணுதருமோத்தரம், அவளைக் கொடிய முகமும் வலிய கோரப்பற்களும் மிகமெலிந்த உடலும் உடையவளாய்ப் பிணத்தின்மேல் இருப்பவளென்றும், அவள் வயிறு ஒட்டி வெறிதாகத் தோன்றுமென்றும், பத்துக் கரங்களிற் படைகள் ஏந்துவளென்றுங் கூறும். சிவாகமங்களுள் ஒன்றாகிய காரணாகமத்தின் பூர்வபாகமோ, திறந்த வாயையும் கூகை ஊர்தியையும் கபாலத்தையும் கூறுவதோடு, சிவபெருமானுக்குப் போல அவள் முடியிலும் பிறைத்திங்கள் அமைக்கப்பெறல்வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஆகமவழிப்பட்ட மற்றொரு வடிவில், ஆலமரத்தின்கீழ்ப் பதுமாசனத்தில் வீற்றிருக்கும் அவளுக்கு நான்கு கரங்கள். இரண்டு சூலமுங் கபாலமுந் தாங்க, ஏனைய இரண்டு அபயமும் வரதமும் காட்டுவன. திருவுருவ நூலாராய்ச்சியில் தலைசிறந்தவராகிய து. அ. கோபிநாதராவ் அவர்கள் 1914 முதல் 1916 வரை வெளியிட்ட பெருநூலில் இவ்விலக்கணங்கள் பலவற்றைத் தொகுத்துக் காட்டியுள்ளார்.

முன்னைய இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாவன வடநாட்டுப் படிமங்கள். புவனேசுவரத்திலுள்ள வைதாள் தேவல் என்னும் 8-ஆம் நூற்றாண்டுக் கோயிலிற் கருவறைத் தெய்வமாகவே சாமுண்டி இருக்கின்றாள். என்பும் நரம்பும் தோன்ற வற்றிய மேனியும், தலைமாலையும், ஆசனமாகிய பிணமும், அயலே கூகையும் நரியும் அங்கே காணலாம். நடுநாட்டிற் கிடைத்த படிமங்கள் பலவற்றில், ஒட்டிய வயிற்றின்மேல் ஒரு தேள் வடிக்கப்பெற்றிருக்கும். வயிற்றுள் நின்று கடுக்கும் பசியையோ நோயையோ சிற்பி இவ்வாறு காட்டினான் என்று கொள்ளுதல் பொருந்தும். எல்லோராவின் 14-ஆம் குகையில் தாயர் எழுவரும் குழந்தைகளோடு அமர்ந்திருப்ப, வரிசையின் இறுதியில் என்புருவாகக் காலன் நிற்கின்றான். பிறப்புக்கு அறிகுறியாகிய குழவியும் இறப்புக்கு அறிகுறியாகிய காலனும் ஒரு சுவரிலேயே இருத்தலைக் காண்பார்க்கு, மகாபாரதங் கூறிய பழந்தாயர் இன்னும் மறைந்திலர் என்பது தோன்றும்.

இம்மெலிந்த வடிவத்தைச் சுடுகாட்டு வழிபாட்டினரும் தமதாக்கிக்கொண்டனர். 8-ஆம் நூற்றாண்டினராகிய பவபூதியின் மாலதீமாதவத்தில், அகோரகண்டன் என்னுங் காபாலிகன் சாமுண்டியின் கோயிலில் மாலதியை நரபலியிட முயல, மாதவன் அவளை மீட்கின்றான். இது கொண்டு சாமுண்டி வழிபாடு முழுதுங் காபாலிகருடையது எனல் பொருந்தாது. சித்தாந்த நூலார் காபாலம், வாமம், வைரவம் என்பவற்றை அகப்புறச் சமயங்களுள் வைத்து எண்ணித் தம் நெறியின் வேறாக்கினர். சாமுண்டியை அவர்கள் தள்ளிலர். நெறி வேறு, தெய்வம் வேறு என்று பகுத்துணர்ந்த அவ்வுணர்வு போற்றத்தக்கது.

தமிழகத்துக் கொற்றவை

இனித் தமிழகத்தை நோக்குவாம் எனின், இங்கே தொன்றுதொட்டு விளங்குபவள் கொற்றவை. தொல்காப்பியர் புறத்திணையியலிற் கொற்றவை நிலையை வெட்சித்திணையின்பாற் கூறினர். திருமுருகாற்றுப்படை முருகப்பெருமானைக் கொற்றவையின் சிறுவனென்றும் பழையோளின் குழவியென்றும் போற்றும். சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில், எயினர்குலக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். கூந்தலைப் பாம்புபோற் சுற்றிக்கட்டி, பன்றிக்கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலியும் புலித்தோலாடையும் அணிவித்து, கலைமான்மீது ஏற்றுகின்றனர். அங்கே கொற்றவை எருமைத் தலைமேல் நிற்பவள், வென்றி தருபவள், மறவர்க்கு உயிர்த்துணை. உடல் வற்றியவளென்றோ பிணத்தின்மேல் இருப்பவளென்றோ அவள் கூறப்பட்டிலள்.

மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்திலும் வராகக் குகையிலும் பல்லவச் சிற்பியர் இக்கொற்றவையையே வடித்தனர். வராகக் குகையில் சிங்கத்தோடு மானும் அவள் அயலில் நிற்கின்றது. காலடியில் அமர்ந்த வீரருள் ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்க முற்படுகின்றான். அம்பிகையோ இளமையும் எழிலும் ததும்ப அமைதியாக நிற்கின்றாள். வீரம் வணங்குவோனிடத்தும், அமைதி தேவியினிடத்தும் காணப்படும் இவ்வமைப்புச் சாமுண்டியின் அமைப்புக்கு மறுதலையாயது.

அற்றேல், இருவரும் ஒருவரே, கோலம் மாத்திரம் வேறு என்று கொள்ளலாகாதோ எனின், ஆகாது. இளங்கோவடிகளே அதற்குச் சான்று. சிலம்பொன்றைக் கையிலேந்திச் சினந்துவந்த கண்ணகியைக் கண்ட வாயிற்காவலன், பாண்டியனிடஞ் சென்று, வந்தவள் இன்னாளல்லள் இன்னாளல்லள் என்று ஒவ்வொருவராக விலக்குகின்றான். முதலிற் கொற்றவையை விலக்குகின்றான். அடுத்து அறுவர்க்கு இளையளாகிய நங்கையைக் கூறுகின்றான். பின்னர் இறைவனை ஆடச்செய்த அணங்கு, கானகத்தை விரும்பிய காளி, தாருகன் மார்பைப் பிளந்த பெண் ஆகியோரைத் தனித்தனியே எண்ணுகின்றான். அறுவர்க்கு இளையாள் என்பது தாயர் எழுவருள் இறுதியாளைக் குறிக்கும். அவளைப் பிடாரியென்று உரைகாரர் உரைப்பர். அடிகள் காலத்திலேயே எழுவர் வரிசை தமிழகத்தில் அறியப்பட்டிருந்தது என்பதும், அவ்வெழுவருள் இறுதியாள் கொற்றவையின் வேறாக எண்ணப்பட்டனள் என்பதும் இதனாற் பெறப்படும். அச்சந்தரும் பெண்தெய்வம் எல்லாவற்றையும் ஒன்றென்று கூறுவோர், அரண்மனைக் காவலன் அறிந்த அளவேனும் அறிதல் வேண்டும்.

பிற்காலத்து இவ்வேற்றுமை மெல்லமெல்ல மறைந்தது. மைசூர்க் குன்றில் உடையார் மரபினரின் குலதெய்வமாய் விளங்கும் அன்னைக்குச் சாமுண்டேசுவரி என்பது திருப்பெயர். திருவுருவமோ எருமையசுரனை அழித்த மகிடமர்த்தனியினுடையது. பெயர் ஒரு வரலாற்றினின்றும் உருவம் மற்றொரு வரலாற்றினின்றும் வந்து ஒன்றுகூடினமைக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

தமிழகத்திற் சாமுண்டி அடைந்த மாற்றம்

பல்லவர், முத்தரையர், சோழர் காலங்களில் எழுவர் வழிபாடு தமிழ்நாடெங்கும் பரவியது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலும், புதுக்கோட்டைப் பக்கத்துத் திருக்கோகரணம், மலையடிப்பட்டி ஆகிய இடங்களின் குடைவரைகளிலும் எழுவரின் உருவங்கள் உள்ளன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் எல்லையுள் இறை நீக்கிய நிலங்களைக் கூறுங் கல்வெட்டுக்கள், பிடாரி கோயில், காடுகாள் கோயில், சேட்டையார் கோயில் என்பவற்றைத் தனித்தனியே குறிக்கின்றன. ஊரார் அவற்றைத் தம்முள் மயங்கக் கொண்டிலர் என்பது இதனாற் புலனாம். இராசேந்திர சோழனுடைய 6-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பெற்று 1905-இற் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சோழப் பேரரசுக்கு வித்திட்ட விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியவுடன் ஆங்கே நிசும்பசூதனியை எழுந்தருளுவித்தான் என்று கூறுகின்றன. நிசும்பசூதனி என்னும் பெயர் தேவிமாகாத்மியப் போரின் வழிவந்தது என்பது வெளிப்படை.

இங்கே சாமுண்டியின் உருவத்தில் நேர்ந்த மாற்றமே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. வடநாட்டில் என்பெழுந்து வற்றியிருந்த அவள், தமிழகத்துச் சோழர்காலப் படிமங்களிற் பெரும்பாலும் நிறைந்த மேனியளாய் மாறிவிட்டாள். கனல்போல் விரிந்த கூந்தல் உண்டு. அதில் மண்டையோடு உண்டு. காதிற் பிரேத குண்டலம் உண்டு. மார்பிற் பாம்புக் கச்சும் தலைமாலைப் பூணூலும் உண்டு. ஆயினும் வற்றிய வயிறில்லை, தேளில்லை. ஏனைத் தாயரைப் போலவே அவளும் நேரமர்ந்து, அபயகரங் காட்டி அருள்செய்கின்றாள். எல்லோராவிற் கண்ட குழவிகளும் காலனும் இங்கே பெரும்பாலும் காணப்படுவதில்லை.

அங்ஙனமாயின் அவ்வற்றிய திருமேனி தமிழகத்தில் எங்கே சென்றது? அதனைக் காரைக்காலம்மையார் திருவுருவிற் காண்கின்றோமன்றோ? கொழுநன் விட்டகன்றபின் ஊனுடைவனப்பை உதறிப் பேயுருவம் வேண்டிப்பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்தனர். கங்கைகொண்ட சோழபுரத்திற் கூத்தப்பெருமான் திருவடியருகே தாளமேந்தி அமர்ந்திருக்கும் அம்மையாரின் உருவத்தில், எழுந்த என்பும் வற்றிய கொங்கையும் ஒட்டிய வயிறும் வடநாட்டுச் சாமுண்டியை நினைவூட்டுவன. ஆனால் பொருள் முற்றும் வேறு. அங்கே அவ்வற்றம் பசி. இங்கே அது பற்றறுதி. அங்கே அது கண்டாரை அச்சுறுத்துவது. இங்கே அது கண்டாரைக் கைகூப்புவிப்பது. இறைவனே அம்மையே என அழைத்தமையின், இவ்வுருவுந் தாயின் உருவேயாயிற்று. சிற்பியர் இதனை எண்ணிச் செய்தனரோ இயல்பாகச் செய்தனரோ, தமிழ்ச்சைவம் அவ்வடிவிற்குத் தந்த பொருள் இதுவாதல் தெளிவு.

அந்தகன் வரலாறும் சித்தாந்தப் பொருளும்

தாயர் தோன்றியமைக்குச் சைவர்க்கு உரிய வரலாறு அந்தகாசுரனைப் பற்றியது. அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்கோவலூரே அவனைப் பெருமான் அடர்த்த தலம் என்பர். சூலத்தாற் குத்துண்ட அந்தகனுடைய குருதித்துளி நிலத்தில் விழுந்தவிடந்தொறும் மற்றோர் அந்தகன் எழுந்தான். அத்துளிகள் நிலத்தை அடையாதவாறு பருகும்பொருட்டுத் தாயர் தோற்றுவிக்கப்பட்டனர் என்பது புராணம். தேவிமாகாத்மியத்தில் இரத்தபீசன் என்னும் அசுரனைப் பற்றியும் இவ்வாறே கூறப்படும். அங்கே வாய்திறந்து அவன் குருதியைப் பருகுபவள் சாமுண்டியே.

வராகபுராணம் அந்தகன் கதையை ஆன்மவித்தையாகவே எடுத்துரைக்கின்றது. தாயரை யோகேசுவரியோடு எண்மராக்கி, யோகேசுவரி காமம், மாகேசுவரி குரோதம், வைணவி உலோபம், பிராமி மதம், கௌமாரி மோகம், இந்திராணி மாற்சரியம், சாமுண்டி கோள், வாராகி பொறாமை என்று கூறுகின்றது. தாயரைத் தீக்குணங்களாகக் கூறுதல் எங்ஙனம் எனின், கட்டின்றிக் கிடந்தபோது உயிர்க்குப் பகையாவனவே, இறைவன் ஏவல்வழி நின்றபோது உயிர்க்குப் படையாவன என்பது அதன் கருத்தாகும். வனபருவத்திற் குழந்தையைக் கொல்ல வந்த தாயர் பால்சுரந்து நின்றமையும் இக்கருத்தையே முன்னர்க் காட்டிற்று.

அந்தகன் என்னும் பெயர் குருடனென்னும் பொருளது. அறிவை மறைத்து நிற்கும் ஆணவவிருளுக்கு அப்பெயர் மிகப் பொருந்தும். ஒரு துளியினின்று ஒருவன் தோன்றுதல் வினையினின்று வினை விளைதலாம். நுகரும்போதே மேல்வினை ஏறுதலை ஆகாமியம் என்பர் சித்தாந்தநூலார். வெட்டுந்தோறும் பெருகும் பகையை வெட்டுதலால் மாத்திரம் அழித்தல் இயலாது. துளி நிலத்தில் வீழுமுன் அதனை ஏற்று விழுங்கும் ஒரு வாய் வேண்டும். அடியார்க்கு ஏறும் ஆகாமியத்தை வேரூன்றுமுன் துடைப்பது திருவருள் என்பது சித்தாந்தத் துணிபு. அத்திருவருளே அகன்ற வாயுங் கோரப்பல்லும் உடைய தாயாகப் புராணத்தில் உருவகிக்கப்பட்டது. அந்தகனும் அழிந்தொழிந்திலன், சூலத்தின்மீதிருந்தவாறே செருக்கு நீங்கிப் பெருமானைப் போற்றிக் கணங்களுள் ஒருவனாயினன். தந்தை தாயர் தம் புதல்வரைத் திருத்தும்பொருட்டு ஒறுத்தல் அன்பேயாதல் போல, இறைவன் செய்யும் ஒறுப்பும் அருளேயாம் என்று சிவஞானசித்தியார் விளக்கும் மறக்கருணை இதுவேயன்றோ?

ஊன்பலி

இவ்வுண்மையை உணராதவிடத்து ஒரு தீங்கு விளைந்தது. தாய் குருதி பருகினாள் என்பதை மாத்திரங் கைக்கொண்டு, ஆட்டின் குருதியையும் கோழியின் குருதியையும் அவள்முன் சிந்துவாராயினர். அவள் பருகியது அசுரனுடைய குருதி. அதுவும், அவன் பெருகாதிருத்தற்பொருட்டு. வாயற்ற உயிரின் குருதிக்கும் அதற்கும் யாது தொடர்பு? கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்து 1950-இற் சென்னை இராச்சியத்தில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. 2004-இல் அது தமிழ்நாட்டில் நீக்கப்பெற்றது. சட்டம் வரினும் போகினும், சிவாலயத் திருச்சுற்றில் வீற்றிருக்கும் எழுவர்க்கு அன்னமும் மலருமே நிவேதனமாய் வருகின்றன. அச்சுற்றுக்கு வெளியே குளக்கரையில் ஏழு கற்களை நட்டுக் கன்னிமார் என்று வணங்கும் எளிய மக்களும், தங்குழந்தைகளின் நலங்கருதியே வணங்குகின்றனர். அவர்களை இகழ்தல் சைவருக்கு அழகன்று. தாய் வேண்டுவது யாதென்பதை அன்பால் உணர்த்துதலே கடன்.

முடிவு

இதுகாறுங் கூறியவாற்றாற் சாமுண்டியின் வரலாறு ஒருவாறு விளங்கும். மகவைப் பறிக்குந் தாயர் என்னும் பழைய அச்சமும், போர்க்களத்துச் சத்தி என்னும் புராணமும், சுடுகாட்டு வழிபாடும் அவ்வடிவில் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்தன. தமிழகத்துக் கொற்றவை அவளின் வேறாகத் தோன்றிப் பின்னர் அவளோடு மயங்கினாள். ஆகமங்கள் இவ்வுருவை விலக்கவுமில்லை, வந்தபடியே விடவுமில்லை. அவள் முடியிற் சிவபெருமானுடைய பிறையை வைத்தன. ஒருபுறம் வீரபத்திரரையும் மறுபுறம் விநாயகரையும் இருத்தின. நான்கு கரங்களுள் ஒன்றை அஞ்சேல் என்றும் மற்றொன்றைக் கொள்க என்றுங் காட்டச்செய்தன.

முதலில் எழுப்பிய வினாக்களுக்கு விடையும் இதுவே. எத்தேவனுடைய அடையாளமுந் தாங்காத எழாமவள், அம்பிகையின் சினத்தினின்று தோன்றிப் பெருமானுடைய பிறையைச் சூடியவளாதலின், அம்மையப்பருடைய மறக்கருணையே அவள். அடுத்தமுறை தென்திருச்சுற்றில் அவள்முன் நிற்கும் அடியார், கபாலத்தையும் கோரப்பல்லையுங் கண்டு விரைந்து கடந்துபோகாது, மேலெடுத்த அத்திருக்கரத்தைச் சிறிதுபோழ்து நோக்குவாராக.

திருச்சிற்றம்பலம்